உயரம் குறைக்கப்பட்ட கார்களில் பின்சக்கர அலைன்மென்ட்

காரின் ஸ்பிரிங்குகளை மாற்றி அதன் உடலைத் தரைக்கு நெருக்கமாக இறக்கும்போது, பின்சக்கரங்கள் நிற்கும் கோணங்களும் மாறிவிடுகின்றன. அக்கோணங்களை அளந்து உரிய அளவுக்குக் கொண்டுவருவதே பின்சக்கர அலைன்மென்ட் திருத்தம் ஆகும். சக்கரம் சாய்ந்து நிற்பது கண்ணுக்கு எளிதில் தெரியும் என்பதால், பலர் அதை மட்டும் சரிசெய்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றனர். ஆனால் டயரை விரைவில் தேய்ப்பதும், காரின் பின்பகுதியை நிலையிழக்கச் செய்வதும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோணம்தான். அது டோ எனப்படுகிறது.

மூன்று கோணங்கள்

கேம்பர்: காரைப் பின்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவு. சக்கரத்தின் மேற்பகுதி உட்பக்கம் சாய்ந்தால் எதிர்மறை கேம்பர். வெளிப்பக்கம் சாய்ந்தால் நேர்மறை கேம்பர்.

டோ: காரை மேலிருந்து பார்ப்பதாகக் கொள்வோம். சக்கரத்தின் முன்விளிம்பு காரின் நடுவை நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன். வெளிநோக்கித் திரும்பியிருந்தால் டோ-அவுட்.

த்ரஸ்ட் கோணம்: பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து காட்டும் திசை, காரின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் அளவு. இது இடது, வலது டோ அளவுகளின் வேறுபாட்டில் பாதி ஆகும். எடுத்துக்காட்டாக, இடது பின்சக்கரத்தில் டோ-இன் 0.30 பாகையும் வலதில் 0.10 பாகையும் இருந்தால், வேறுபாடு 0.20, த்ரஸ்ட் கோணம் 0.10 பாகை, வலப்புறமாக. இந்த அளவு கூடும்போது, நேர்ச் சாலையிலும் ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பிப் பிடித்தபடியே ஓட்ட வேண்டியிருக்கும்.

உயரம் குறைந்தால் கோணம் மாறுவது ஏன்?

உடல் கீழே இறங்குவதும், உடலை நோக்கிச் சக்கரம் மேலே ஏறுவதும் ஒன்றுதான். சக்கரத்தைத் தாங்கும் கைகள் ஒரு முனையில் உடலோடு கீல்போல் இணைக்கப்பட்டுள்ளன. எனவே அவற்றின் மறுமுனை வட்ட வில்லில்தான் நகர முடியும். இரட்டை விஷ்போன் அமைப்பில் மேற்கை பொதுவாகக் கீழ்க்கையைவிடக் குட்டையானது. குட்டையான கையின் முனை சிறிய வட்டத்தில் நகர்வதால், சக்கரத்தின் மேற்பகுதி விரைவாக உள்ளே இழுபடுகிறது. அதனால் எதிர்மறை கேம்பர் கூடுகிறது. சக்கரத்தின் திசையைப் பிடித்து வைத்திருக்கும் கைக்கும் மற்றக் கைகளுக்கும் நீளமும் சாய்வும் வேறுபடுவதால், இதே நகர்வில் டோவும் மாறுகிறது.

டயருக்கு நேர்வது என்ன?

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். பின்சக்கரம் 0.2 பாகை மட்டும் திரும்பியிருப்பதாகக் கொள்வோம். 0.2 பாகையின் டேன்ஜென்ட் மதிப்பு ஏறத்தாழ 0.0035. அதாவது கார் 1 கிலோமீட்டர் நேராக ஓடும்போது, அந்த டயர் சுமார் 3.5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கோணம் 0.5 பாகையானால் இது கிலோமீட்டருக்கு 8.7 மீட்டர். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டிய டயர், இப்படித் தன் அகலவாட்டில் ஓயாமல் உரசியபடி ஓடுகிறது.

கேம்பர் அப்படியல்ல. 1 அல்லது 2 பாகை சாய்ந்த சக்கரமும் தான் நோக்கும் திசையில்தான் உருளும். பாரம் மட்டும் டயரின் உள்விளிம்புக்கு நகரும். டோவும் தவறாக இருந்தால், உரசல் முழுவதும் பாரம் கூடிய அந்த உள்விளிம்பிலேயே விழும். வெளியே நின்று பார்ப்பவருக்கு டயர் நன்றாகவே தெரியும். உள்விளிம்பிலோ ரப்பர் தேய்ந்து கம்பி வெளிப்பட்டிருக்கும். அந்த நிலையில் வேகமாகச் செல்லும்போது டயர் வெடிக்கலாம்.

பின்சக்கரத்தில் டோ-அவுட் இருப்பது இன்னொரு வகையிலும் ஆபத்தானது. வளைவில் திரும்பும்போது பாரம் வெளிப்புறச் சக்கரத்தின்மேல் விழுகிறது. அச்சக்கரம் வெளிநோக்கித் திரும்பியிருந்தால், காரின் பின்பகுதியை வளைவுக்கு வெளியே கொண்டுபோகப் பார்க்கும். ஈரச் சாலையில் கார் சுழன்றுவிட இது வழிசெய்யும். பெரும்பாலான சாலைக் கார்களின் பின்சக்கரங்களுக்கு உற்பத்தியாளர்கள் சிறிதளவு டோ-இன் வைப்பது இதைத் தவிர்க்கவே.

எந்தக் காரில் எதைத் திருத்தலாம்?

தனித்தனிச் சஸ்பென்ஷன்: 1989இல் வெளிவந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பின்புறக் கீழ்க்கைகளில் மையம் விலகிய போல்ட்டுகள் உண்டு. அவற்றைத் திருப்பியே கேம்பர், டோ இரண்டையும் மாற்றலாம். 1990களின் ஹோண்டா சிவிக் கார்களில் டோவைத் திருத்த மட்டுமே வழி உண்டு. கேம்பரைக் குறைக்க, நீளம் மாற்றக்கூடிய மேற்கையைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். மேற்கையை நீட்டினால் சக்கரத்தின் மேற்பகுதி வெளியே தள்ளப்பட்டு நிமிரும்.

டார்ஷன் பீம்: மாருதி சுசுகி ஸ்விஃப்ட், ஃபோக்ஸ்வேகன் போலோ போன்ற சிறிய கார்களில் இரு பின்சக்கரங்களும் ஒரே குறுக்குச் சட்டத்தில் உள்ளன. உயரம் குறைந்தாலும் இவற்றின் கோணங்கள் அதிகம் மாறா. கோணம் வெகுவாகத் தவறியிருந்தால், பள்ளத்தில் இறங்கியோ மோதியோ சட்டம் வளைந்துள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். திருத்தத்துக்குத் தனி போல்ட் இல்லாததால், சட்டத்துக்கும் சக்கர அச்சுமுனைக்கும் இடையே ஆப்பு வடிவ மெல்லிய தகடுகளை வைப்பர்.

முழு அச்சு: 2005 முதல் 2014 வரையிலான ஃபோர்ட் மஸ்டாங் காரில் பின் அச்சு ஒரே துண்டாக உள்ளது. அதைப் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது பான்ஹார்டு தண்டு. உயரம் குறைந்தால் தண்டின் சாய்வு மாறி, அச்சு முழுவதும் ஒரு பக்கமாக நகரும். நீளம் மாற்றக்கூடிய தண்டு பொருத்தி அச்சை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

திருத்தும் வரிசை

1. புதிய ஸ்பிரிங்குகள் படிய, காரைச் சில நாள் ஓட்ட வேண்டும்.

2. சஸ்பென்ஷன் கைகளின் போல்ட்டுகளைச் சக்கரங்கள் பாரம் தாங்கி நிற்கும் நிலையிலேயே இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் புஷ்கள் முறுக்கியபடி இருந்து விரைவில் கிழியும்.

3. புஷ், பேரிங், டயர் காற்றழுத்தம் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு செய்யும் அலைன்மென்ட் நிலைக்காது.

4. நான்கு சக்கரங்களையும் அளந்த பின், முதலில் பின்சக்கரங்களின் கேம்பரைத் திருத்த வேண்டும்.

5. அடுத்து பின்சக்கர டோ. இரு பக்கமும் ஒரே அளவாக வைத்தால் த்ரஸ்ட் கோணம் சுழியாகும்.

6. இறுதியாக முன்சக்கரங்கள்.

முக்கியத்துவத்தில் டோ முந்தியது; வேலை வரிசையில் கேம்பர் முந்தியது. கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதே காரணம். கேம்பரைப் பிறகு மாற்றினால், முன்பு வைத்த டோ வீணாகும். கேம்பரை உற்பத்தியாளர் சொன்ன எல்லைக்குள் முழுமையாகக் கொண்டுவர முடியாத கார்களிலும், டோவையாவது அந்த எல்லைக்குள் வைத்தால் டயரின் ஆயுள் பெரிதும் கூடும்.

அளவுகளைப் படித்தல்

அலைன்மென்ட் அறிக்கையில் கோணங்கள் இரு முறைகளில் அச்சாகின்றன. 1 பாகை 60 கலைகள் கொண்டது. எனவே 0.10 பாகை என்பது 6 கலைகள். 10 கலைகள் அல்ல. அறிக்கை எந்த முறையில் உள்ளது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அளவு ஒரு சக்கரத்துக்கா, இரண்டின் கூட்டுத்தொகையா என்பதையும் கவனிக்க வேண்டும்.

கருவி இல்லாத இடத்தில், காரின் நடுக்கோட்டுக்கு இணையாக இருபுறமும் நூல் கட்டி, ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தொலைவை அளக்கலாம். ரிம்மில் 400 மி.மீ. இடைவெளியில் அளந்தால், 0.2 பாகை என்பது 1.4 மி.மீ. வேறுபாடு. பல கார்களில் முன், பின் சக்கர இடைவெளிகள் வேறுபடுவதால், நூலைச் சக்கரத்தில் ஒட்டிக் கட்டக் கூடாது. ஒவ்வொரு அச்சிலும் இரு பக்க நூல்களும் சக்கர மையத்திலிருந்து சம தொலைவில் இருக்க வேண்டும்.

திருத்தத்துக்குப் பின் கவனிக்க வேண்டியவை

திருத்திய சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு பின்டயர்களின் உள்விளிம்பைப் பார்க்க வேண்டும். கையை டயரின் குறுக்கே இரு திசையிலும் தடவும்போது, ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் அரம்போலவும் தட்டுப்பட்டால், டோ இன்னும் சரியாகவில்லை. உள்விளிம்பு சற்றுக் கூடுதலாக, ஆனால் வழவழப்பாகவே தேய்ந்திருந்தால், அது கேம்பரால் வந்தது. ஸ்பிரிங் மாற்றம், உயர மாற்றம், பெரிய பள்ளத்தில் விழுதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் மீண்டும் நான்கு சக்கரங்களையும் அளப்பது அவசியம்.