ஏட்டில் ஏறும் பெயர்!

சாமி என்றதும் கோயிலைத் தேட வேண்டாம். நாம் சொல்வது கும்பிடப்படும் சாமியை அல்ல. நெடுங்காலம் குனிய வைக்கப்பட்ட மக்களை. நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளின் வடபகுதியில், பனிமான் மேய்த்தும் மீன் பிடித்தும் வாழ்ந்துவந்த பழங்குடியினருக்குத்தான் சாமி என்று பெயர்.

அவர்களில் நார்வே நாட்டினருக்குத் தனி மன்றம் ஒன்று உண்டு. ஏழு தொகுதிகள், 39 உறுப்பினர்கள், நான்காண்டுக்கு ஒரு தேர்தல்.

தேர்தல் நமக்குப் புதிதா? சுவரெழுத்தும் ஊர்வலமும் கண்டவர்கள்தாமே நாம்! ஆனால் அந்த மன்றத்துக்கு வேட்பாளராக நிற்க விரும்புவோர் முதலில் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. "நான் சாமி" என்று அறிவித்து வாக்காளர் ஏட்டில் பெயரை ஏற்றவேண்டும். சாமி மொழி தம் வீட்டு மொழியாகவோ, பெற்றோர், பாட்டன் பாட்டி, பூட்டன் பூட்டி இவர்களில் ஒருவரது வீட்டு மொழியாகவோ இருந்திருந்தால் ஏற்றலாம். அந்த ஏட்டில் பெயர் தானாக ஏறாது. தாமே முன்வந்து ஏற்றினால்தான் வாக்கு, ஏற்றினால்தான் வேட்பாளர்!

பெயர் எழுதுவதில் என்ன வீரம் என்கிறீர்களா? கேளுங்கள். பள்ளிக்கூடத்திலே அந்த மொழிக்குக் கதவடைத்தார்கள். பின்மார்க் மாவட்டத்தில் அரசு நிலம் வாங்க வேண்டுமானால், நார்வே மொழி பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்றது 1902ஆம் ஆண்டுச் சட்டம். ஆள்வோர் மொழி அறிந்தவனுக்குத் தரை, அறியாதவனுக்குத் தரித்திரம்! பெற்ற பிள்ளையிடமே தம் மொழியை மறைத்த பெற்றோர் எத்தனையோ பேர். அத்தகைய வீட்டுக் கதவைத் தட்டும் வேட்பாளர், வாக்கை மட்டுமா கேட்கிறார்? அச்சத்தை விடு, பெயரை எழுது என்றும் கேட்கிறார்!

மன்றம் மன்னர் மனமிரங்கித் தந்த பிச்சையா? இல்லை. அல்டா ஆற்றில் மின்சாரத்துக்காக அணை கட்ட முனைந்தது அரசு. 1979இல் சாமி இளைஞர்கள் ஆஸ்லோ நகரில், பாராளுமன்றத்தின் எதிரிலேயே கூடாரமடித்து உண்ணாநோன்பிருந்தனர். 1981இல் சுமார் 600 போலீசார் திரண்டு வந்து மறியல் செய்தோரை அகற்றினர். அணை எழுந்தது. ஆனால் இனமும் எழுந்தது! 1987இல் சட்டம் பிறந்தது. 1989இல் காரஷோக் ஊரில் மன்னர் ஐந்தாம் ஒலாவ் மன்றத்தைத் திறந்துவைத்தார். அன்று ஏட்டிலிருந்த பெயர்கள் ஏறத்தாழ 5,500. 2021இல் 20,000க்கும் மேல்!

"சட்டமியற்றும் அதிகாரமில்லாத மன்றத்தால் என்ன பயன்?" என்று கேட்போர் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. போசென் பகுதியில் 151 காற்றாலைகளுக்குத் தந்த உரிமம், பனிமான் மேய்ப்போர் உரிமைக்கு மாறானது என்று 2021இல் நாட்டின் உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. காற்றாலைகள் நின்றனவா? இல்லை, சுழன்றுகொண்டே இருந்தன! 2023இல் சாமி இளைஞர்கள் மீண்டும் தலைநகரில் மறியல் செய்ய நேர்ந்தது.

எனினும் மறுபக்கத்தையும் பாருங்கள். 2005இல் வந்த சட்டப்படி, பின்மார்க் மாவட்டத்தின் ஏறத்தாழ 95 விழுக்காடு நிலம் தனி அமைப்பொன்றின் கைக்கு மாறியது. அதன் ஆட்சிக்குழுவில் இடங்கள் ஆறு. அவற்றில் மூன்றுக்கு ஆள் அனுப்புவது இந்த மன்றம்! மொழி தெரியாவிட்டால் நிலமில்லை என்ற அதே மாவட்டத்தில்!

இன்னொரு வேடிக்கை. மன்றத்தையே ஒழிக்க வேண்டும் என்னும் முன்னேற்றக் கட்சியும் இதே தேர்தலில் வேட்பாளர்களை நிறுத்தி, இடமும் பிடித்திருக்கிறது. பயனற்ற மன்றமென்றால், அதில் நுழைய இத்தனை ஆவல் ஏன்? நாம் ஒதுங்கினால் காலி நாற்காலி காலியாகவே இருக்காது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அதிகாரம் குறைவுதான். அதைப் பெருக்கப் போராடுவோரும், முதலில் உள்ளே இருக்க வேண்டும் அன்றோ! வென்றவரை மட்டும் எண்ணுவது தேர்தல் கணக்கு. நின்றவரையும், அவர் சொல்கேட்டுப் பெயர் எழுதியவரையும் சேர்த்து எண்ணுவதே இனத்தின் கணக்கு. அந்தக் கணக்கில், சாமி மக்கள் ஒவ்வொரு தேர்தலிலும் வளர்ந்தே வருகிறார்கள்!