இல்லாததைச் சொல்லும் 'இஃப்'

பள்ளியில் ஆங்கிலம் பயிலும் நம் குழந்தைகள் 'இஃப்' என்னும் சிறு சொல்லிடம் படும் பாடு பெற்றோர் அறிந்ததே. சொல் கடினமன்று, அதன் பின்னே வரும் வினையின் காலந்தான் குழப்புகிறது.

தமிழில் 'பணம் இருந்தால் புத்தகம் வாங்குவேன்' என்கிறோம். பணம் கைக்கு வரக்கூடும் என்றிருப்பவனும் இவ்வாறே சொல்வான். செல்லாக் காசும் இல்லாமல் கனவு காண்பவனும் இவ்வாறே சொல்வான். கேட்பவர் குரலையும் முகத்தையும் கொண்டு தெரிந்துகொள்வர். ஆங்கிலம் அதற்கு இடங்கொடுப்பதில்லை. வரக்கூடிய பணமானால் 'இஃப் ஐ ஹேவ் மணி, ஐ வில் பை தி புக்'. இல்லாத பணமானால் 'இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை தி புக்'. 'ஹேட்' என்றதும் நேற்றைய செய்தி என்று பிள்ளைகள் எண்ணிவிடுகின்றனர். அங்கே அது நேற்றைக் குறிக்கவில்லை. உண்மையிலிருந்து ஓரடி விலகி நிற்பதையே குறிக்கிறது. இந்த ஒன்றை விளங்க வைத்துவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

வடக்கே குடியிருக்கும் நமக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. தெருவில் இந்தி பேசி விளையாடும் பிள்ளைகள் 'பைசா ஹோதா தோ கரீத்தா' என்று தடையின்றிச் சொல்கின்றனர். பணம் இல்லை என்பது அந்த 'ஹோதா'விலேயே அடங்கியிருக்கிறது. 'ஹோகா தோ கரீதூங்கா' என்றால் பொருள் வேறு. இலக்கணப் புத்தகத்தைத் திறக்குமுன் இதை நினைவூட்டலாம். (இந்திக்குப் பரிந்து பேசுவதாக அன்பர்கள் கொள்ள வேண்டாம்!)

நடந்து முடிந்தவற்றில் தமிழே கைகொடுக்கிறது. 'வண்டி நேரத்தில் வந்திருந்தால் இணைப்பு வண்டியைப் பிடித்திருப்போம்' என்பதில், வண்டி நேரத்தில் வரவில்லை என்பது தெளிவு. ஆங்கிலமும் 'இஃப் தி ட்ரெயின் ஹேட் அரைவ்ட் ஆன் டைம், வீ வுட் ஹேவ் காட் தி கனெக்ஷன்' என்கிறது. எழுத்து வேலையில் இருப்போர்க்கு இது விளையாட்டன்று. விளக்கக் கடிதத்தில் 'இஃப் தி பார்சல் அரைவ்ட்' என்று எழுதினால், பார்சல் வந்ததா இல்லையா என்று மேலதிகாரி ஐயுறுவார். 'ஹேட் அரைவ்ட்' என்றெழுதி, அடுத்த பாதியில் 'வுட் ஹேவ்' சேர்த்தால் வரவில்லை என்பது ஐயமற விளங்கும். 'இஃப்' உள்ள பாதியிலும் 'வுட் ஹேவ்' போடுவது பலர் செய்யும் பிழை; தேர்வில் மதிப்பெண் போய்விடும்.

இனி, 'இஃப் ஐ வேர் யூ'. 'ஐ'க்குப் பின் 'வாஸ்' தானே வரவேண்டும் என்று பிள்ளை கேட்டால் கடிந்துகொள்ளாதீர்கள், கேள்வி நியாயமானதே. பழைய ஆங்கிலத்தில் நடவாதவற்றுக்கென்று தனி வினைவடிவம் வழங்கிற்று. அதன் எச்சமே இந்த 'வேர்'. பேச்சில் ஆங்கிலேயரும் 'வாஸ்' என்பதுண்டு. தேர்வுத்தாளில் மட்டும் 'வேர்' என்றே எழுதச் சொல்லுங்கள்.