நெல்லுக்கும் மூச்சு உண்டு

ஐப்பசியில் தஞ்சாவூர்ப் பக்கம் எந்த நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். விவசாயி தன் குவியலிலிருந்து ஒரு நெல்லை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பார். ‘டக்’கென்று ஒடிந்தால் முகம் தெளியும். பல்லுக்கு இடையில் நசுங்கினால் வானத்தைப் பார்ப்பார். நிலையத்து ஊழியர் பல்லை நம்புவதில்லை. அவரிடம் ஈரப்பதம் பார்க்கும் கருவி இருக்கிறது. காய்ந்த நெல்லும் ஈர நெல்லும் மின்சாரத்துக்கு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அந்த வித்தியாசத்தைத்தான் அது எண்ணாகக் காட்டுகிறது. 17 என்றால் நெல் தராசுக்குப் போகும். 22 என்றால் மறுபடியும் களத்துக்கு.

ஐந்து புள்ளிகள்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. ஈரப்பதம் 22 சதவீதம் என்றால் அதில் 8.8 கிலோ வெறும் தண்ணீர். அதே நெல்லை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை ஏறக்குறைய 37.6 கிலோ ஆகிவிடும். சிப்பத்துக்கு 2.4 கிலோ தண்ணீரை வெயில்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? ஒவ்வொரு மழைக்காலத்திலும் இந்த 17 சதவீத வரம்பைத் தளர்த்தச் சொல்லித் தமிழக அரசு டெல்லிக்கு எழுதுவதும், மத்தியக் குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

இந்த வரம்பு யாரோ மேசையில் உட்கார்ந்து வைத்த எண் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. நெல் உயிருள்ள பொருள். அறுத்த பிறகும் அது சாகவில்லை, உறங்குகிறது. அந்த உறக்கத்திலும் மூச்சு விடுகிறது. நம்மைப் போலவே ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, தன்னிடமுள்ள மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, கரியமில வாயுவையும் நீரையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த மூச்சு இருப்பதே தெரியாது. ஈரம் ஏற ஏற மூச்சு வேகமெடுக்கும். மூச்சு விட்டால் வெப்பம், கூடவே நீர். அந்த நீரால் ஈரம் இன்னும் கூடும். மூச்சு இன்னும் வேகமாகும். குவியலின் நடுவில் பிறந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். மழையில் நனைந்த குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டவர்களுக்குத் தெரியும், உள்ளே சுடும். பிறகு பூஞ்சை வரும், அரிசி பழுப்பேறும். இரண்டு மூன்று நாள் விட்டால் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். டெல்டாவில் ‘நெல்லு முளைச்சிடுச்சி’ என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

விளைந்ததை வீணாகாமல் காக்கும் கதையைச் சொல்லத் தஞ்சாவூரிலேயே ஓர் இடம் உண்டு. நிர்மலா நகரில் இந்திய உணவுக் கழகத்தின் கோட்ட அலுவலக வளாகத்தில் உணவுப் பாதுகாப்பு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 2021 நவம்பர் 15 அன்று காணொலி வழியாகத் திறந்துவைத்தார்கள். நாட்டிலேயே இந்த வகையில் முதலாவது. பரப்பு 1,860 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டுகூட இல்லை. வேட்டையாடித் திரிந்த மனிதன் விதைத்து உட்கார்ந்த கதையிலிருந்து, பழைய தானியச் சேமிப்பு முறைகள், வயலிலிருந்து தட்டு வரை தானியம் போகும் வழி என்று மாதிரி உருவங்களும் திரைகளுமாகப் போகிறது. கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு பார்க்கும் மெய்நிகர் காட்சியும், தொடுதிரையில் வினாடி வினாவும் உண்டு. பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள்.

டெல்லியை விட்டு இங்கே ஏன்? இந்திய உணவுக் கழகம் தொடங்கிய நாள் 1965 ஜனவரி 14. தைப்பொங்கல். அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறந்தது. தலைமையகமே அப்போது சென்னையில் இருந்தது. அடுத்த ஆண்டு வறட்சியில் இந்தியா சுமார் ஒரு கோடி டன் தானியத்தைக் கப்பலில் இறக்கியது. அப்படி வந்திறங்கிய கோதுமைக்காகக் கடை வாசலில் வரிசையில் நின்றவர்கள் இன்றும் ஊருக்கு நான்கு பேர் இருக்கிறார்கள்; அருங்காட்சியகம் போகுமுன் அவர்களிடம் பேசிவிட்டுப் போவது நல்லது.

அதே 1965இல் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 வெளிவந்தது. ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலந்து பிறந்த பிள்ளை. 105 நாளில் அறுவடை, விளைச்சல் ஏராளம். குறுவைப் பருவத்துக்கென்றே பிறந்தது மாதிரி இருந்தது. ஆனால் நாட்கணக்கை யாரும் சரியாகப் போட்டுப் பார்க்கவில்லை போலும். ஆனியில் விதைத்தால் அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வரும். விளைச்சல் கூடக் கூட, களத்தில் நனைந்த நெல்லும் கூடியது. பசியைத் தீர்க்க வந்த நெல்லைக் காயவைக்க இடமில்லை.

இந்தச் சிக்கலிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் சிறிய ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார்கள். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநரான வி. சுப்பிரமணியன் ஓய்வு பெற்றபின் இங்கே வந்து உழைத்தார். அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று எல்லா வீட்டு அடுப்படியிலும் இருப்பது: உப்பு. ஈர நெல்லோடு சாதாரண உப்பைக் கலந்தார்கள். மாங்காயில் உப்புப் போட்டால் நீர் விட்டுக்கொள்வதைப் போல நெல்லும் நீரை வெளியே விட்டது. முளையும் பூஞ்சையும் அடங்கின. ஊறுகாய்ப் பாட்டிகளுக்குத் தெரிந்த வித்தைதான்; நெல்லுக்குப் போட்டுப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. அந்த ஆய்வகம் 1972இல் நெல் பதன ஆராய்ச்சி மையமாகி, பின்னர் தஞ்சாவூருக்கு இடம் மாறியது. இன்று புதுக்கோட்டைச் சாலையில் நிப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக, பெரிய வளாகத்தோடு நிற்கிறது.

காய்ந்த நெல்லைக் காக்கும் வித்தை அதற்கும் வெகுகாலம் முந்தியது. நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்துக்குக் கால் வைத்திருப்பார்கள். தரையின் ஈரம் மேலே ஏறக்கூடாது. இன்றைய கிடங்கில் மூட்டைகளுக்கு அடியில் மரச்சட்டம் போடுவதும் அதே காரணத்துக்குத்தான். விதை நெல்லை வைக்கோற்புரியில் சுற்றிச் சாணம் மெழுகிக் கோட்டை கட்டினார்கள். மூச்சு அடங்கியிருக்கும், உயிர் போகாது. நெல்லுக்கு நடுவில் நொச்சியும் வேப்பிலையும் போட்டது வண்டுக்காக. அரிசி வண்டின் சாமர்த்தியம் சாதாரணமானதல்ல. தாய் வண்டு தானியத்தில் துளையிட்டு, உள்ளே ஒரு முட்டையை வைத்து, வாயைப் பசை போட்டு மூடிவிடும். வெளியே பார்த்தால் முழு மணி. உள்ளே புழு தின்றுகொண்டிருக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் இதற்குச் செய்த பொறி துளைகள் போட்ட ஒரு குழாய், அவ்வளவுதான். காற்றிருக்கும் இடத்தைத் தேடி அலையும் வண்டு துளைக்குள் நுழைந்து அடியில் விழுந்துவிடும். மருந்து வேண்டாம்.

கிடங்கு நிறைந்தால் பசி தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் செத்தபோது அரிசி இருந்தது, வாங்கக் காசு இல்லை என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் காட்டினார். 2024இல் உலகில் ஏறக்குறைய 67 கோடிப் பேர் பசியோடு இருந்ததாக ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டிருக்கின்றன. ஆனாலும் விளைந்ததைக் களத்தில் முளைக்கவிட்டுவிட்டு மற்றதைப் பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை.

அந்த அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் கூட்டிப்போவதைவிட அறுவடை நாளில் கூட்டிப்போங்கள். வழியில் பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். சக்கரம் ஏறாமல் வண்டியை ஒதுக்கி ஓட்டுங்கள்.