கருப்பசாமி என்ற பெயரில் என்ன குறை?

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகளின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: முனியாண்டி, கருப்பையா, மாரியாயி, வீராயி. பெரும்பாலும் காவல் தெய்வங்களின் பெயர்கள். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பால் வெட்டியவர்களும் செம்பனைக் குலை அறுத்தவர்களும் இந்தப் பெயர்களோடுதான் தலைநிமிர்ந்து வாழ்ந்தார்கள். இன்று அவையே வகுப்பறையில் கேலிப் பெயர்கள். கேலி செய்வதும் நம் பிள்ளைகள்தான்.

2006-இல் தேசியப் பதிவிலாகா, குழந்தைகளுக்குப் பொருந்தாத பெயர்களின் பட்டியலை வெளியிட்டது. விலங்கு, பழம், நிறம் ஆகியவற்றின் பெயர்களும் அதில் அடங்கின. பிள்ளை கேலிக்கு ஆளாகக் கூடாது என்ற நோக்கம் நல்லதே. ஆனால், 'கருப்பு' நமக்கு வெறும் நிறமா? கையில் அரிவாளோடு ஊரைக் காக்கும் சாமியும் அல்லவா!

எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் பக்கத்து வீட்டு அக்கா, மகனுக்குப் பெயர் தேடும்போது என்னிடம் சொன்னார்: "தம்பி, கேட்டவுடனே எஸ்டேட்டு பேருன்னு தெரியக்கூடாதுப்பா."

அந்தப் பயம் காரணமற்றதல்ல. லீ ஹுவோக் ஆன், முகமட் அப்துல் காலிட் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள், கற்பனைப் பட்டதாரிகளின் வேலை விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வெளிவந்தது. சீன விண்ணப்பதாரர்களுக்கு நூற்றுக்கு 22 நேர்காணல் அழைப்புகள். மலாய் விண்ணப்பதாரர்களுக்கு 4 மட்டுமே. இந்தியப் பெயர்கள் அந்த ஆய்வில் இல்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். 2004-இல் வெளிவந்த ஆய்வொன்றில், வெள்ளையர் பெயருக்குப் பத்து விண்ணப்பங்களில் ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயருக்குப் பதினைந்து விண்ணப்பங்கள் தேவைப்பட்டன.

அப்படியானால் பெயரை மாற்றினால் போதுமா? போதாது என்பதே என் கருத்து. மகனுக்கு எவ்வளவு நவீனமான பெயர் சூட்டினாலும், அடையாள அட்டையில் 'ஏ/எல்' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் அப்பாவின் பெயர் வந்து நிற்கும். அதை எங்கே ஒளிப்பது? இனத்தையும் பிறந்த இடத்தையும் பார்த்து எடைபோடும் கண், அதையும் படிக்கத்தான் செய்யும்.

மாற வேண்டியது அந்தக் கண். முதல் கட்டத் தேர்வில் பெயரை மறைத்துத் தகுதியை மட்டும் பார்க்க நிறுவனங்களால் முடியும். நாளை அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் உங்களில் சிலர். அதற்கு முன், நாளைய வகுப்பிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வருகைப் பதிவில் 'முனியாண்டி' என்று ஆசிரியர் அழைக்கும்போது யாரும் சிரிக்காதீர்கள்.