கைக்கடிகார விலையேற்றம்: ஒரு கணக்கு

பண்டத்தின் விலை ஏறியது என்கிறோம். ஏறியது பண்டத்தின் மதிப்பா, இறங்கியது பணத்தின் மதிப்பா என்று ஆராய்வார் சிலரே. உயர்விலைக் கைக்கடிகாரம் இதற்கு ஏற்ற சான்றாகும்.

சுவிஸ் நாட்டு ரோலக்ஸ் நிறுவனத்தாரின் 'சப்மரீனர்' என்னும் எஃகுக் கடிகாரம், 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஏறக்குறைய 150 டாலருக்கு விற்றது. 2024இல் அவ்வகையின் விலை ஏறக்குறைய 9,000 டாலர். அஃதாவது 60 மடங்கு. அந்நாட்டின் பொது விலைவாசியோ 11 மடங்களவே ஏறியது.

இனி நாணயத்தை நோக்குவோம். 1960களில் ஒரு டாலருக்கு 4 சுவிஸ் பிராங்குக்கு மேல் கிடைத்தது. 2024இல் ஒரு பிராங்குகூடக் கிடைக்கவில்லை. ஆதலின் பிராங்குக் கணக்கில் ஏற்றம் 12 மடங்களவே. நம் வெள்ளிக்கு நேர்ந்ததும் இதுவே. அன்று ஒரு பிராங்கு முக்கால் வெள்ளிக்கும் குறைவு. 2024இல் ஏறக்குறைய 5 வெள்ளி. ஆகவே நம் கணக்கில் ஏற்றம் ஏறக்குறைய 90 மடங்காயிற்று.

நாணயத்தைக் கழித்த பின்னும் எஞ்சும் ஏற்றம் நேரங்காட்டும் திறனுக்கு உரியதன்று. 1969இல் ஜப்பானின் சைக்கோ நிறுவனத்தார் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 450,000 யென்னுக்கு விற்கத் தொடங்கினர். பின்னர் அவ்வகை மிக மலிந்தது. இன்று ஸ்கூடாயில் சில பத்து வெள்ளிக்கு வாங்கும் குவார்ட்ஸ் கடிகாரம், சுருள்வில்லால் ஓடும் உயர்விலைக் கடிகாரத்தினும் பிழையின்றி நேரங்காட்டும். எஞ்சிய ஏற்றம் அருமைக்கும் பெருமைக்கும் தரும் விலையே.

மடங்கும் நாணய மாற்றும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டலாம். தவணைக் கடனில் பெருமையை வாங்க விரையும் இளைஞர் சற்றே நின்று எண்ண அது உதவும்.