டீ மேல் படிந்த ஆடை

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் மகள் வந்து நின்றபோது முகத்தில் பாதியைத் துப்பட்டா மறைத்திருந்தது. விலக்கிக் காட்டினாள். வலது புருவத்துக்குக் கீழே வேப்பங்கொட்டை அளவுக்குத் தோல் வழன்று, ஈரமாகப் பளபளத்தது. இடது பக்கம் சிவப்பு மட்டும்.

"எப்பவும் நூல்லதான் பண்ணிப்பேன் அத்தை. வியாழக்கிழமை கல்யாணமாச்சே, நல்லா ஷேப்பா இருக்கட்டும்னு வேக்ஸ் போட்டுக்கிட்டேன். அந்தப் பொண்ணுக்கு வேலையே தெரியல. போன் பண்ணி நாலு வார்த்தை கேக்கப் போறேன்."

"கேக்கலாம். முதல்ல முகத்தக் கழுவு."

மருந்துக் கடையில் இருபத்தெட்டு வருஷம் நின்றவள் நான். கல்யாண மாசங்களில் இப்படி முகத்தை மூடிக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வருகிற அத்தனை பேருக்கும் கோபம் பார்லர் மேலேதான். அதில் பாதி நியாயம்தான். மீதிப் பாதி பெரும்பாலும் அவரவர் கைப்பையிலேயே இருக்கும்.

சோப்பு போடாமல் பச்சைத் தண்ணீரில் கழுவச் சொன்னேன். சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தோம், தேய்க்கவில்லை. மெல்லிய பூச்சாக வாஸலின் தடவினேன். "மஞ்சள் வெக்கட்டுமா? கத்தாழ இருக்கு, பறிச்சுட்டு வரவா?" என்று அண்ணி போனிலேயே வைத்தியத்தைத் தொடங்கிவிட்டாள். வேண்டாம் என்றேன். தோல் இல்லாத இடத்தில் எதை வைத்தாலும் எரியும். எரிச்சலைக் குணம் தெரிகிறது என்று நாம் எடுத்துக்கொள்வோம். வழன்ற இடத்துக்கு வேண்டியது ஈரம் காயாமல் ஒரு மூடி. அதற்கு வாஸலினே போதும். பற்பசை, எலுமிச்சம்பழம், நேராக ஐஸ்கட்டி எல்லாம் புண்ணைப் பெரிதாக்கும்.

அதற்குள் டீ ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி, ஸ்பூன் காம்பால் ஆடையின் ஓரத்தை நெம்பச் சொன்னேன். முழுசாக எழும்பி வந்தது. கீழே டீ.

"உன் முகத்துல நடந்தது இதுதான்."

தோலின் ஆக மேலே இருப்பது செத்த செல்களால் ஆன ஒரு படலம். செங்கல்லும் சுண்ணாம்புமாக அடுக்கியது போல ஏறக்குறைய பதினைந்து, இருபது வரிசை. இடையில் கொழுப்புப் பூச்சு. எல்லாம் சேர்ந்தும் நாம் எழுதுகிற தாளின் தடிமனில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் வரும். வேக்ஸ் முடியை மட்டும் பிடிப்பதில்லை, இந்தப் படலத்தையும் பிடிக்கிறது. துணிப்பட்டையை இழுக்கும்போது மேல்வரிசை செங்கற்கள் கொஞ்சம் கூடவே வந்துவிடும். திடமான தோலுக்கு அது தெரிவதே இல்லை. சற்றுச் சிவந்து, முடிக்கால்களைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகத் தடித்து, சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அதிகம் போனால் மறுநாள் வரை இருக்கும். அது நோயில்லை. ஈரத்துணியைக் குளிரக் குளிர வைத்தாலே அடங்கும். உன் இடது புருவத்தில் இருப்பது அது.

வலது பக்கத்துக் கதை வேறு. அங்கே ஆடையே கிளம்பி வந்திருக்கிறது. கண்ணிமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது, அரை மில்லிமீட்டர் போல இருக்கும். புருவத்திலிருந்து இமைக்கு இறங்கும் சரிவில் வேக்ஸ் கொஞ்சம் தாழ்வாகப் போனாலோ, தோலை இன்னொரு கையால் இறுக்கிப் பிடிக்காமல் மேல்நோக்கித் தூக்கி இழுத்தாலோ, நாலு முடி நின்றுவிட்டது என்று அதே இடத்தில் இரண்டாவது முறை போட்டாலோ உரிந்துவிடும். அந்தப் பெண் இதில் ஒன்றைச் செய்திருக்கலாம். ஆனால் நல்ல தோலும் கெட்ட கையும் சேர்ந்தால்கூட இவ்வளவு சுலபமாக வழலாது. அதனால் கேட்டேன்.

"முகத்துக்கு என்ன போடற?"

"மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை. ஒரே ஒரு க்ரீம். ஃப்ரெண்டு குடுத்தா. ராத்திரி போட்டா காலைல முகம் பளிச்சுனு இருக்கும்."

பையிலிருந்து சின்ன ட்யூப் வந்தது. பாதிக்கு மேல் பிதுக்கப்பட்டிருந்தது. கண்ணாடியைப் போட்டும் எழுத்து தெரியவில்லை. அவள் போன் வெளிச்சத்தில் படித்தாள். ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு 0.1 சதவீதம்.

இந்த மூன்று சாமான் கூட்டணிக்கு ஒரு தாத்தா உண்டு. அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், சக மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து 1975-ல் இதுபோன்ற ஒரு கலவையைப் பற்றி எழுதினார். மங்கு போன்ற கருந்திட்டுகளுக்கு, மருத்துவர் கண்காணிப்பில், கொஞ்ச நாள் போடுவதற்கான மருந்து. நம் ஊரில் அது வெள்ளையாக்கும் க்ரீமாகக் கை மாறுகிறது. ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதியை இறுக்கியது. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், விதி இறுகியது; வியாபாரம் அவ்வளவாக இறுகவில்லை. சீட்டு கேட்டால் "போன வாரம் குடுத்தீங்களே" என்பார்கள்.

வேக்ஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், ட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ குடும்பம். செங்கற்களுக்கு நடுவே இருக்கும் பிடிப்பைத் தளர்த்தி, மேல்படலத்தை மெலிய வைப்பதுதான் அதன் வேலை. பருவுக்குப் போடும் அடாப்பலீன், இப்போது சீரம் என்ற பெயரில் சொட்டுக் குப்பியில் வரும் ரெட்டினால் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகளே. ஸ்டீராய்டு இன்னொரு பக்கத்திலிருந்து அரிக்கிறது. புது செல்கள் உருவாவதை மட்டுப்படுத்தி, நாள்பட நாள்படத் தோலையே மெலித்துவிடும். மேலே ஒருவர் சுண்ணாம்பைச் சுரண்ட, கீழே ஒருவர் சுவரை மெலிக்க, நடுவில் கொண்டுபோய் பிசினை ஒட்டி இழுத்தால் என்ன ஆகும்?

"ஆனா நான் புருவத்துக்கிட்டப் போடவே இல்லையே!"

நெற்றியில் போட்டது வியர்வையோடு இறங்கும். தூங்கும்போது தலையணை தடவிவிடும். ஒரு விரல் இடைவெளி அதற்கு ஒரு தூரமா?

அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கத்தின் அறிவுரையில், மேலே பூசும் இந்த வைட்டமின் ஏ குடும்பத்து ரெட்டினாய்டு வகைகளை வேக்ஸுக்கு 2 முதல் 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். முகம் என்பதால் நான் ஒரு வாரம் என்பேன். கிளைக்காலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம், பென்சாயில் பெராக்சைடு, ஸ்க்ரப், பீலிங் எல்லாவற்றுக்கும் அதே கணக்கு வைத்துக்கொண்டால் நஷ்டமில்லை. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஆறு மாதம் வரையிலும் வேக்ஸ் பக்கமே போகக் கூடாது. அதில் பேரமே கிடையாது. வெயிலில் கன்றிய முகம், புண், படை, பழுத்த பரு இருந்தாலும் அந்த வாரம் விட்டுவிட வேண்டியதுதான்.

டீயைக் குடித்தபடி அவள் அடுத்த கேள்விக்கு வந்தாள். "அப்ப எனக்கு வேக்ஸ் அலர்ஜியா?"

இல்லை. எல்லாரும் எல்லாவற்றையும் அலர்ஜி என்றே சொல்கிறார்கள், கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் எறும்பு கடித்ததைக்கூட. அலர்ஜியின் அடையாளம் தாமதம். போட்ட உடனே எரிந்தால் அது பெரும்பாலும் இழுத்ததாலோ சூட்டாலோ வந்த எரிச்சல். ஒன்றுமே இல்லாமல் வீட்டுக்குப் போய், ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பு பிடித்து, பொடிக் கொப்புளம் கிளம்பி, காலையில் இமை வீங்கிக் கண் திறக்க முடியவில்லை என்றால் அதுதான் அலர்ஜி. வேக்ஸ் படாத இடத்துக்கும் அது பரவும். எரிச்சல் வலிக்கும்; அலர்ஜி அரிக்கும். எப்போதும் இப்படியே என்று சொல்ல முடியாது, ஆனாலும் முதல் பார்வைக்கு உதவும்.

அலர்ஜியில் முக்கியமான சந்தேக ஆசாமி ரோசின். பைன் மரப் பிசினிலிருந்து எடுப்பது. வேக்ஸுக்கு அந்தப் பிடிப்பைக் கொடுப்பதே அதுதான். அதன் இன்னொரு பெயர் கொலோஃபோனி, இன்றைய துருக்கியில் இருந்த கொலோஃபோன் என்ற பழைய கிரேக்க நகரத்தின் பெயர். வயலின்காரர்கள் வில்லில் தேய்க்கும் கட்டியும் இதுவே. சில ஒட்டுப் பிளாஸ்திரிகளிலும் இருக்கும். அதனால், பிளாஸ்திரி ஒட்டின இடம் கட்டம் கட்டியது போலச் சிவந்து அரித்த அனுபவம் உனக்கு இருந்தால், பார்லரில் உட்காரும் முன்பே சொல்லிவிட வேண்டும். வாசனைப் பொருள், தேனீப் பிசின், கடைசியில் தடவும் லோஷன் இவையும் காரணமாகலாம். புருவத்துக்குச் சாயமும் போட்டுக்கொண்டால் அதிலுள்ள பிபிடி என்ற ரசாயனம் இன்னொரு பெரிய ஆள்; தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைப் புருவத்தில் முயலவே கூடாது.

சோதித்துப் பார்க்க வழி உண்டு. முழங்கையின் உட்பக்கத்திலோ காதுக்குப் பின்னாலோ ஒரு மிளகு அளவு போட்டு எடுத்து, இரண்டு நாள் விட்டுப் பார்ப்பது. கல்யாணத்துக்கு முதல் நாள் செய்கிற காரியம் இல்லை. அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. புதுப் பொருளை உடம்பு எதிரியாகப் பழகிக்கொள்ளவே பத்துப் பதினைந்து நாள் ஆகும். முதல் தடவை ஒன்றும் செய்யாத வேக்ஸ், மூன்றாவது தடவை முகத்தை வீங்க வைக்கலாம். "இத்தன நாள் ஒண்ணும் பண்ணலயே" என்பது வாதமாகாது.

சூட்டுப் புண்ணைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அழகுக்கலைப் பெண் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் உன் முகத்துக்குக் கொண்டுவந்தால் எழுந்து வந்துவிடு. சுட்டுவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை மாற்றி மாற்றி இருபது நிமிஷம் வைக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட வேக்ஸைப் பிய்க்காமல் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கரைக்கலாம். சர்க்கரைப் பாகு வகையென்றால் வெதுவெதுப்பான தண்ணீருக்கே கரையும்.

குச்சி விஷயத்தைத்தான் ஒருவரும் கவனிப்பதில்லை. ஒரு தடவை முகத்தில் தொட்ட குச்சியை மறுபடி பாத்திரத்தில் தோய்க்கக் கூடாது. வேக்ஸ் சூடாக இருக்கிறதே, கிருமி செத்துவிடாதா என்றால், தோல் தாங்குகிற சூட்டில் கிருமியும் தாங்கிக்கொள்ளும். பிடுங்கின முடிக்கால்கள் திறந்து கிடக்கும்போது அழுக்கு விரல் பட்டால் மறுநாளோ மூன்றாம் நாளோ வெள்ளை முனையோடு பொடிக் கட்டிகள் வரும். லேசானது தானே அமுங்கும். கிள்ளக் கூடாது. முதல் நாள் மேக்கப், நீச்சல், வேர்த்து விறுவிறுக்க ஓட்டம் எதுவும் வேண்டாம்.

மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரமும் ஒன்று உண்டு. சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, சீழ், காய்ச்சல், கொத்தாக நீர்க்கொப்புளம், இமை வீங்கிக் கண்ணை அசைத்தாலே வலி, பார்வை மங்கல் – இதில் ஒன்று இருந்தாலும் அன்றே போக வேண்டும். வேக்ஸ் போட்ட சில நிமிஷத்திலேயே உதடு, நாக்கு தடித்து மூச்சு இழுத்தால் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

"நூலே பரவால்லயா அப்ப?"

இந்த மாதிரி க்ரீம் போடுகிறவளுக்கு நூல்தான் மேல். அது முடியைப் பிடிக்கிறது, தோலில் ஒட்டுவதில்லை. அதற்கும் தோஷம் உண்டு. நூல் தோலை அறுக்கலாம், ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்கிற பழக்கமும் எனக்குப் பிடிக்காது. வெண்புள்ளி இருப்பவர்களுக்கு நூலோ வேக்ஸோ, காயம் பட்ட இடத்தில் புதுப் புள்ளி கிளம்பக்கூடும்.

அவள் ட்யூபை எடுத்துக் குப்பைத்தொட்டியைப் பார்த்தாள். கையைப் பிடித்தேன். எத்தனை மாசமா போடற என்றதற்கு ஏழு என்றாள். மாதக்கணக்கில் போட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் முகம் கோபித்துக்கொள்ளும். சிவந்து, எரிந்து, பருவாகக் கொட்டும். பயந்து போய் மறுபடி அதையே தடவுவார்கள். அந்தச் சுழலில் வருஷக்கணக்காகச் சிக்கியவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். புண் பக்கம் மட்டும் இன்றிலிருந்து கொண்டுபோகாதே, திங்கட்கிழமை தோல் மருத்துவரிடம் ட்யூபோடு போ, எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும் என்றேன்.

"வியாழக்கிழமைக்குள்ள ஆறிடுமா அத்தை?"

தோல் மூடிக்கொள்ளும் என்று நினைக்கிறேன், மேலோட்டமான காயம்தான். பக்கு கட்டினால் உரிக்காதே. நிறம்தான் உடனே வராது. நம் தோலுக்குக் காயத்தைக் கறுப்பாக நினைவு வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு, மறக்க மாதங்கள் ஆகும். வெயிலில் போனால் இன்னும் கறுக்கும். குடையைப் பிடி, புண் மூடின பிறகு சன்ஸ்க்ரீன் போடு. மூடாத புண் மேல் கன்சீலர் அப்பாதே. போட்டோவுக்கு வலது பக்கம் முடியைக் கொஞ்சம் முன்னால் விட்டுக்கொள், வீடியோக்காரர் நம் பக்கம் திரும்பினால் இடது பக்கத்தைக் காட்டு.

சிரித்தாள். பிறகு போனை எடுத்தாள். பார்லர் எண்ணைத் தேடி வைத்துக்கொண்டு, அழுத்தாமல் இருந்தாள்.

"என்ன, நாலு வார்த்தை கேக்கலையா?"

"இல்ல அத்தை... உக்கார வெச்சதும் அந்தப் பொண்ணு கேட்டுச்சு. முகத்துக்கு ஏதாவது க்ரீம் யூஸ் பண்றீங்களா அக்கான்னு. அவங்க கடை க்ரீம விக்கத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சு, ஒண்ணும் இல்லன்னுட்டேன்."