படகு இயந்திரம் ஏன் நின்றுபோகிறது?

சோளகக் காற்று தணிந்து ஐப்பசி பிறந்துவிட்டால், சிலாபம் முதல் உடப்பு, கற்பிட்டி வரையுள்ள கடற்கரைகள் மீண்டும் கலகலப்படைகின்றன. மே முதல் செப்டெம்பர் வரை கொந்தளித்துக் கிடந்த கடல் அடங்கத் தொடங்குகிறது. கரையேற்றி வைத்திருந்த படகுகள் நீரில் இறங்குகின்றன. அப்பொழுதுதான் பழைய இயந்திரங்களின் நோயும் வெளிப்படுகின்றது. வேகமாகச் செலுத்தினால் இயந்திரம் சீராக ஓடுகிறது. வேகத்தைக் குறைத்தாலோ நடுங்குகிறது, இருமுகிறது, சற்று நேரத்தில் நின்றும் விடுகிறது.

இதைச் சிறு குறையென்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் கடலில் வேகத்தைக் குறைக்க வேண்டிய இடங்கள் எவை? வலையை இழுக்கும் இடம் ஒன்று. கரை சேருமுன், திரை உடையும் இடத்தில் ஏற்ற அலைக்காகக் காத்து நிற்கும் இடம் மற்றொன்று. அங்கே இயந்திரம் அணைந்தால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அடுத்த அலையே அதைக் கவிழ்க்கப் போதும். வழி முழுவதும் நன்றாக ஓடிய இயந்திரம், உயிருக்கு உதவ வேண்டிய அந்த ஒரு நிமிடத்தில் கைவிடுகிறது. ஆதலால் இந்நோயின் காரணத்தைக் கரையிலேயே கண்டறிதல் வேண்டும்.

படகின் பின்புறத்தில் மாட்டும் இயந்திரத்தை 1909ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ்பெறச் செய்தவர், நோர்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட் என்பவர். இலங்கையில் மீன்பிடிக் கலங்களை இயந்திரமயமாக்கும் முயற்சி 1950களின் இறுதியில் வேகம் பெற்றது. இன்று இக்கரையிலுள்ள கண்ணாடியிழைப் படகுகளில் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களே பொருத்தப்பட்டுள்ளன. 2022 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு உயர்ந்த பின்னர், நோயுற்ற இயந்திரம் வீணாக்கும் எரிபொருளும் பெருஞ் சுமையாயிற்று.

இத்தகைய இயந்திரம் ஓடுவதற்கு மூன்று பொருள்கள் தேவை: வலிமையான தீப்பொறி, சரியான அளவில் கலந்த எரிபொருளும் காற்றும், உருளைக்குள் போதிய அமுக்கம். விரைந்து ஓடும்போது இவற்றில் ஒன்று சிறிது குறைந்தாலும் வேகம் அக்குறையை மறைத்துவிடும். மெதுவோட்டத்தில் அவ்வாறு மறைக்க வழியில்லை. மேலும் காபுரேற்றரில் விரைவோட்டத்திற்கு ஒரு துளையும், மெதுவோட்டத்திற்கு அதனினும் மிகச் சிறிய வேறொரு துளையும் உள்ளன. நான்கைந்து மாதம் படகு கரையிற் கிடக்கையில், உள்ளே தேங்கிய எரிபொருள் ஆவியாகிப் பிசினாக இறுகுகிறது. முதலில் அடைபடுவது அந்தச் சிறிய துளையே. விரைவில் ஓடி மெதுவில் நிற்பதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான்.

எனினும் எடுத்த எடுப்பிலேயே காபுரேற்றரைக் கழற்றுதல் ஆகாது. எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்வதே முறை. முதலில், ஆறிய இயந்திரத்தின் தீப்பொறி பிளக்குகளைக் கழற்றி அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். வெளிர் பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். கரியும் ஈரமுமாயிருந்தால் எரிபொருளோ அதனுடன் கலந்த எண்ணெயோ மிகுந்துவிட்டது, அல்லது பொறி வலுவிழந்துவிட்டது. வெளுத்து உலர்ந்திருந்தால் எரிபொருள் குறைவு, அல்லது காற்று மிகுதி. நீர்த்துளியோ துருவோ காணப்பட்டால் உருளைக்குள் நீர் புகுந்திருக்கிறது. இரண்டில் ஒரு பிளக் மட்டும் வேறுபட்டிருந்தால், குறை அந்த உருளையைச் சார்ந்தது.

அடுத்துப் பார்க்க வேண்டியது எரிபொருள் வரும் வழி. தாங்கியின் அடியிலிருந்து சிறிதளவு எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துச் சற்று நேரம் அசையாது வைத்தால், கலந்திருந்த நீர் கீழே தங்கிவிடும். பின்னர்க் குழாயின் நடுவிலுள்ள இறப்பர்க் குமிழைக் கவனிக்கவேண்டும். ஓடும்போது அது ஒட்டிச் சுருங்கினால், தாங்கி மூடியின் காற்றுத் துளையோ, தாங்கியிலிருந்து வரும் வழியோ அடைபட்டிருக்கலாம். இயந்திரம் நிற்கப்போகும் தறுவாயில் குமிழை அழுத்த, அது மீண்டும் உயிர்பெற்றால், எரிபொருள் பம்பின் மெல்லிய சவ்வு நைந்திருக்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்த பிறகே காபுரேற்றரைக் கழற்றித் துளைகளைச் சுத்தம் செய்யவேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். அதற்குரிய திரவமும் அழுத்தக் காற்றுமே தக்கவை.

சுத்தம் செய்தும் நோய் தீரவில்லையெனில் அது ஆழமானது. இவ்வகை ஈரடி இயந்திரங்களில் எரிபொருட்கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள அறைக்குட் சென்று, பின்னரே மேலேறுகிறது. உப்பாலும் முதுமையாலும் அவ்வறையின் சீல்கள் தேய்ந்தால், அவற்றின் வழியே வெளிக்காற்று நுழைந்து கலவையைக் கெடுக்கும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தாலோ அமுக்கம் குறையும். அமுக்கமானியால் இரு உருளைகளையும் அளந்து, வேறுபாடு 10 விழுக்காட்டைத் தாண்டினால் இயந்திரத்தைத் திறந்து பார்க்கும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மண்ணெண்ணெயின் இயல்பையும் மறத்தலாகாது. அது பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே பெற்றோலில் தொடங்கி, இயந்திரம் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்குத் திரும்பவேண்டும். நெடுநேரம் மண்ணெண்ணெயில் மெதுவோட்டமாக விட்டுவைத்தால் அது முழுதும் எரியாமல் பிளக்கிற் கரியாகப் படியும்.

நின்றுபோகாமலிருக்க மெதுவோட்டத் திருகாணியை முறுக்கி வேகத்தைக் கூட்டிவிடுவது பலருக்கும் கைவந்த வைத்தியம். இயந்திரம் அப்போதைக்கு நிற்காது. நோயோ உள்ளேயே வளரும். கூடிய வேகத்தில் கியர் மாற்றும்போது பற்களும் அடிபட்டுத் தேயும். காய்ச்சல் தெரியக்கூடாதென்று வெப்பமானியை உடைப்பதற்கு இது ஒப்பாகும்.

பருவம் முடிந்து படகைக் கரையேற்றும் நாளிலேயே அடுத்த பருவத்தின் பாதுகாப்பு தொடங்குகிறது. நன்னீரால் இயந்திரத்தின் உட்குழாய்களைக் கழுவுதல், காபுரேற்றரில் ஒரு துளி எரிபொருளும் தேங்காமல் வடித்துவிடுதல், பிளக் துளை வழியே சிறிது எண்ணெயிட்டுக் கையால் சுழற்றி வைத்தல் ஆகிய மூன்றும் ஒரு மணி நேர வேலைக்கு மேற்படா. மீண்டும் கடலிறங்குமுன், கரையோர ஆழமற்ற நீரில் படகைக் கட்டி, பத்து நிமிடமாவது மெதுவோட்டத்தில் விட்டுப் பார்த்தல் நன்று. அங்கே நிற்கும் இயந்திரம் அலைவாயிலும் நிற்கும். கரையில் நின்றால் ஒரு நாள் உழைப்போடு போகும். அலைவாயில் நின்றாலோ உயிரே போகக்கூடும்.